ஆறு படங்கள், ஒரு சந்து: டுவேன் மைக்கேல்ஸ் பற்றிப் பேசலாமா?

சாம்பல்நிறம்

ஒரு சந்து. இரண்டு பக்கமும் சுவர். கோட்டும் சூட்டும் போட்ட இரண்டு ஆண்கள் எதிரெதிரே நடக்கிறார்கள். ஒருவருடைய முதுகு நமக்குத் தெரிகிறது, இன்னொருவர் நம்மை நோக்கி வருகிறார். நெருங்குகிறார்கள், கடக்கிறார்கள். கடந்த பிறகு ஒருவர் தலையைத் திருப்புகிறார். மற்றவரும் திரும்பத்தான் செய்கிறார், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. அவ்வளவுதான். மொத்தம் ஆறு படங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டுவேன் மைக்கேல்ஸ் 1970இல் எடுத்த 'தற்செயல் சந்திப்பு'.

பத்து நாளாக இது என்னை விடவில்லை. ஒவ்வொரு படத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் சுமார் ரகம். யாரோ நடக்கிறார், யாரோ நிற்கிறார். வெளிச்சம் சாதாரணம், கோணம் சாதாரணம். எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள். ஆறையும் வரிசையாக வைத்தால் மட்டும் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்கிறது.

இவரைப் பற்றித் தமிழில் யாரும் பெரிதாகப் பேசி நான் பார்த்ததில்லை. 1932இல் பென்சில்வேனியாவில் மெக்கீஸ்போர்ட் என்ற எஃகு ஆலை ஊரில் பிறந்தவர். புகைப்படக் கலையை முறையாகப் படித்தவர் கிடையாது. 1958இல் சோவியத் நாட்டுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனார், 'உங்களைப் படம் எடுக்கலாமா' என்பதை ரஷ்ய மொழியில் கற்றுக்கொண்டார், ஆட்களை எடுத்துத் தள்ளினார். தொழிலே அங்கேதான் தொடங்கியது. அறுபதுகளின் நடுவில் காலியான நியூயார்க்கை எடுத்தார்: ஆளில்லாத கடைகள், முடிதிருத்தும் நிலையங்கள், உணவு விடுதிகள். அந்த வெற்றிடங்கள் நாடகம் தொடங்குவதற்கு முந்தைய மேடை மாதிரி இருந்ததாம். அப்புறம் அந்த மேடைகளில் ஆட்களை நிறுத்தினார்.

உங்களுக்கு இவர் படங்கள் எப்படி? பிடிக்காதவர்களும் சொல்லுங்கள்.

---

தெருவோரக்கண்

பிடிக்காதவன் வந்துவிட்டேன்.

நான் பதினைந்து வருடமாகத் தெருவில்தான் படம் எடுக்கிறேன். ஒரு நல்ல படத்துக்காக மூன்று மாதம் ஒரே முனையில் நின்றிருக்கிறேன். இரண்டு பேரைக் கூப்பிட்டு 'நீ இப்படி நட, நீ அங்கே திரும்பு' என்று சொல்லி எடுத்தால் அதில் என்ன இருக்கிறது? நிஜமாகவே இரண்டு பேர் சந்தில் கடந்து, ஒருவர் திரும்பி, அதை ஒருவன் காத்திருந்து பிடித்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

இன்னொன்று. கதைதான் சொல்ல வேண்டும் என்றால் சினிமா இருக்கிறதே. ஆறு படத்தை ஒட்டிவைத்து 'பாருங்கள், நேரம் நகர்கிறது' என்பது கையில் சைக்கிள் இருக்கும்போது அதைத் தள்ளிக்கொண்டே நடப்பது போல இருக்கிறது.

---

முக்காலி

@தெருவோரக்கண், கோபம் புரிகிறது. ஆனால் 'நடித்து எடுப்பது புகைப்படம் இல்லை' என்ற வாதம் வரலாற்றில் நிற்காது. காத்திருந்து பிடிப்பதுதான் பின்னால் வந்தது, நடிப்புதான் முதலில் வந்தது. காரணமும் எளிது. ஆரம்ப காலத்தில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் வெளிச்சம் வாங்க வேண்டும். அசையாமல் இருக்க ஒப்புக்கொண்டவரைத்தான் எடுக்க முடியும். ஒப்புக்கொண்டு அசையாமல் இருப்பதே பாதி நடிப்புதானே.

1840இல் இப்போலித் பயார் என்ற பிரெஞ்சுக்காரர் தன்னையே நீரில் மூழ்கிச் செத்த பிணமாகப் படம் எடுத்தார். புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது! 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை ஒட்டி, காசநோயில் சாகும் ஒரு பெண்ணின் காட்சியை உருவாக்கினார். அந்தப் பெண் சாகவில்லை, போஸ் கொடுத்தாள். அப்போதும் சண்டை நடந்தது. 'சாவை எப்படிச் செட் போட்டு எடுக்கலாம்' என்று கேட்டார்கள்.

நான் சொல்ல வந்தது மைக்கேல்ஸின் 'ஆவி உடலை விட்டு நீங்குகிறது' தொடர். 1968, ஏழு படங்கள். வெறுமையான ஒரு அறை, ஜன்னல், படுத்திருக்கும் நிர்வாணமான ஒரு ஆண். இரண்டாவது படத்தில் அதே உடலிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு உருவம் எழுந்து உட்காருகிறது. இறங்குகிறது, நம் பக்கமாக நடந்து வருகிறது, மறைகிறது. ஏழாவது படம் அப்படியே முதல் படம் மாதிரியே. உடல் கிடக்கிறது.

இதை எப்படி எடுப்பது என்று கேட்டால், ஒரே பிலிம் பிரேமில் இரண்டு முறை ஷட்டரைத் திறப்பது, டபுள் எக்ஸ்போஷர். கேமரா முக்காலியில் அசையக்கூடாது. ஒவ்வொரு முறையும் பாதி வெளிச்சம்தான் கொடுக்க வேண்டும். அறை இரண்டு முறையும் அங்கேயே இருப்பதால் முழுதாக விழும். ஒரு முறை மட்டும் வந்து நின்ற ஆள் பாதிதான் விழுவார், அவர் வழியாகப் பின்சுவர் தெரியும். பேய் தயார். அமெச்சூர் கிளப்பில் முதல் மாதம் சொல்லித்தரும் வித்தை இது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வித்தையே இல்லாத அந்தக் கடைசிப் படம். முதல் படத்தில் நான் பார்த்தது தூங்கும் மனிதன். ஏழாவதில் பார்ப்பது பிணம். இரண்டும் ஒரே காட்சி. மாறியது நான் பார்த்த ஐந்து படங்கள். தெருவில் எத்தனை மாதம் நின்றாலும் இதைப் பிடிக்க முடியாது அண்ணா.

---

படத்தொகுப்பாளன்

சினிமா பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், பிழைப்பே அதுதான்.

'தற்செயல் சந்திப்பு' என் மேசைக்கு வீடியோவாக வந்தால் இருபது நொடி வரும். அதில் நடை இருக்கும், காலடிச் சத்தம் இருக்கும், இசை போட்டே ஆகவேண்டும் என்று இயக்குநர் நிற்பார். பார்ப்பவர் இருபது நொடியும் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேலை எதுவும் மிச்சம் இல்லை.

ஆறு படமாக வைக்கும்போது இரண்டு படத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அவர் எந்த நொடியில் முடிவெடுத்தார், ஏன் கொஞ்சம் தயங்கினார், இதெல்லாம் படத்தில் இல்லை, நாம் போட்டுக்கொள்கிறோம். நல்ல சிறுகதை எழுதுகிறவர்கள் முக்கியமான பத்தியை எழுதாமல் விடுவார்களே, அது மாதிரி.

அப்புறம் நேரம். சினிமாவில் நேரம் என்னை இழுத்துக்கொண்டு போகும். இங்கே நான் ஐந்தாவது படத்திலிருந்து இரண்டாவதுக்குத் திரும்பலாம். 'அப்போதே பார்த்தாரா?' என்று சரிபார்க்கலாம். தவறவிட்ட ஒரு கணத்தைப் பற்றிய கதையில், பார்வையாளனுக்கு மட்டும் திரும்பிப் போகும் உரிமை இருக்கிறது, அந்த இரண்டு பேருக்கும் இல்லை. இதை சினிமாவில் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள், செய்துவிடுகிறேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால்தான் வழியில் இருப்பது கண்ணில் படும் :)

---

சாம்பல்நிறம்

இருவருக்கும் நன்றி. நான் இன்னொரு தொடரைக் கொண்டுவருகிறேன். 'திங்ஸ் ஆர் குயர்', 1973, ஒன்பது படங்கள்.

முதல் படம் ஒரு குளியலறை. கைகழுவும் தொட்டி, குளியல் தொட்டி, சுவரில் மாட்டிய சின்னப் படம் ஒன்று. பார்க்க ஒன்றுமே இல்லை. அடுத்த படத்தில் அந்த அறைக்குள் ராட்சதக் கால் ஒன்று நிற்கிறது. அதாவது அறை பொம்மை அளவு! கேமரா பின்வாங்கப் பின்வாங்க, காலுக்குரிய ஆள் தெரிகிறார். அடுத்து, இதெல்லாம் ஒரு புத்தகப் பக்கத்தில் அச்சான படம் என்று தெரிகிறது, பக்கத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் ஓரத்தில் இருக்கிறது. இன்னும் பின்வாங்கினால் புத்தகம் படிக்கும் ஒரு மனிதர், இருட்டான ஒரு நடைபாதையில். இன்னும் பின்வாங்கினால் அவரும் ஒரு பிரேமுக்குள் இருக்கும் படம். அந்த பிரேம் மாட்டியிருக்கும் இடம்? அதே குளியலறைச் சுவர். முதல் படத்தில் நாம் கவனிக்காமல் விட்ட சின்னப் படம் அது.

எதற்குள் எது இருக்கிறது என்று தாளில் வரைந்து பார்த்தேன். அம்புக்குறிகள் சுற்றிச் சுற்றி வந்து பென்சில் மழுங்கியதுதான் மிச்சம்.

1965இல் பிரஸ்ஸல்ஸ் போய் ஓவியர் ரெனே மக்ரித்தை அவர் வீட்டிலேயே படம் எடுத்தவர் மைக்கேல்ஸ். மக்ரித்தின் தொப்பியும் முகமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுத்த படங்கள் உண்டு. அந்தப் பாதிப்பு இதில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஓவியத்தில் யாரும் எதையும் வரையலாம். புகைப்படத்தில் 'இது இருந்திருக்க வேண்டுமே' என்ற நம்பிக்கை நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அந்த நம்பிக்கையைத்தான் அவர் காலை வாரிவிடுகிறார்.

---

கடைசிப்பக்கம்

@சாம்பல்நிறம், மற்ற தலைப்புகளைத் தமிழாக்கிவிட்டு இதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். கவனித்தேன். 'எல்லாமே விசித்திரம்' என்று போட்டிருக்கலாமே என்று கேட்க வந்து, நானே முயன்று பார்த்து மாட்டிக்கொண்டேன். 'குயர்' என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் 'விநோதமான' என்றும் பொருள், தன்பாலீர்ப்பு உள்ளவர்களைத் திட்டும் சொல்லாகவும் பொருள். இன்று நாம் பால்புதுமையினர் என்கிறோம், அதில் அந்த முதல் பொருள் வராது. 'ஒரு மாதிரி' என்பதுதான் கிட்டத்தில் வருகிறது. 'எல்லாம் ஒரு மாதிரி.' பரவாயில்லையா?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மைக்கேல்ஸ் தன்பாலீர்ப்பாளர், தன் துணைவரோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். 'தற்செயல் சந்திப்பு' வந்தது 1970. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதிக்குள் போலீஸ் புகுந்து, அவர்கள் எதிர்த்து நின்ற கலவரம் நியூயார்க்கில் நடந்தது 1969 ஜூனில். ஆணும் ஆணும் உறவு கொள்வது நியூயார்க் மாநிலத்தில் அப்போது சட்டப்படி குற்றம், 1980இல்தான் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. அந்த ஊரில், அந்த வருடத்தில், ஒரு சந்தில் முன்பின் தெரியாத ஆணை ஒரு ஆண் திரும்பிப் பார்க்கிறான் என்றால் அது என்ன பார்வை? ஆசையா, பயமா, 'இவன் போலீசா' என்ற சந்தேகமா? ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் மாட்டிக்கொள்ளலாம், ஒரு நொடி குறைத்துப் பார்த்தால் தவறவிடலாம்.

@தெருவோரக்கண், 'நிஜமாக நடந்ததைக் காத்திருந்து பிடித்திருந்தால் கும்பிட்டிருப்பேன்' என்றீர்கள். யோசித்துப் பாருங்கள், நிஜமாக அப்படிப் பார்த்துக்கொண்ட இருவரை மறைந்திருந்து படம் எடுத்து வெளியிட்டிருந்தால் அவர்கள் வேலையும் வீடும் போயிருக்கும். சிலதை நடித்துத்தான் எடுக்க முடியும்.

இதெல்லாம் தெரியாமலும் அந்தத் தொடர் வேலை செய்கிறது என்பது வேறு விஷயம். பேருந்தில் எதிர் சீட்டில் இருந்தவர் இறங்கிப் போனபிறகு 'எங்கேயோ பார்த்த முகம்' என்று தோன்றியவர் எல்லோருக்கும் அது புரியும்.

---

தெருவோரக்கண்

@கடைசிப்பக்கம், அந்தக் கடைசி வாதம் என்னை உட்கார வைத்துவிட்டது. அதை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

@முக்காலி, ஏழாவது படம் பற்றி நீங்கள் சொன்னதற்கும் பதில் இல்லை. தேடிப்போய்ப் பார்த்தேன். சரிதான்.

ஆனால் அந்தக் கையெழுத்து! படத்துக்குக் கீழே, சில சமயம் சுற்றிலும், கோணல்மாணலாகப் பேனாவில் எழுதி வைக்கிறார். எழுபதுகளில் ஆரம்பித்த பழக்கம் போல. படத்தால் சொல்ல முடியவில்லை என்றால் எடுக்காதீர்கள், எழுதுங்கள். எழுத்துதான் வேண்டும் என்றால் படம் எதற்கு? ஊன்றுகோல் மாதிரி இருக்கிறது. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

---

நெகட்டிவ்

முக்காலி சொன்ன அந்த மூழ்கிய மனிதர் படம் இருக்கிறதே, 1840 படம். அதன் பின்பக்கத்தில் பயார் கைப்பட எழுதியிருக்கிறார். என்னைப் போலவே ஒரு புகைப்பட முறையைக் கண்டுபிடித்த டாகேருக்கு எல்லாம் கொடுத்த அரசு எனக்கு ஒன்றும் தரவில்லை, அதனால் இந்தப் பாவி நீரில் விழுந்து செத்தான் என்று. அந்த எழுத்து இல்லையென்றால் அது தூங்கும் ஆளின் படம்தான். ஆக ஊன்றுகோலும் புகைப்படத்தோடு கூடப்பிறந்ததுதான் :)

விளையாட்டு இருக்கட்டும். 'இந்தப் படம்தான் என் சாட்சி' பார்த்திருக்கிறீர்களா? ஒரே படம். கட்டிலில் ஒரு ஆண் உட்கார்ந்திருக்கிறான், ஒரு பெண் பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே கையெழுத்தில், அந்த மாலைப்பொழுது நிஜமாக இருந்தது, அவள் என்னை நேசித்தாள், வேண்டுமானால் நீங்களே பாருங்கள் என்கிற மாதிரி சில வரிகள். எழுத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் சந்தோஷமான ஜோடி. எழுத்தோடு பார்த்தால் அவள் போய்விட்டாள். எழுத்தில் எங்குமே அவள் போனாள் என்று இல்லை! 'சாட்சி' என்று ஒருவன் கூவினாலே வழக்கு தோற்றுவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

படம் ஒன்று சொல்கிறது, எழுத்து இன்னொன்று சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை, அங்கேதான் வலிக்கிறது. படத்தில் இருப்பதையே எழுத்து திரும்பச் சொன்னால் நீங்கள் சொல்வது நியாயம். இவர் அதைச் செய்வதில்லை.

'அப்பாவிடமிருந்து ஒரு கடிதம்' இன்னும் மோசம், அதாவது என் நிலைமை மோசம். அப்பா, அம்மா, தம்பி மூவரும் இருக்கும் பழைய படம், 1960இல் எடுத்தது. 1975இல் அதில் எழுதுகிறார். அப்பா ஒருநாள் எனக்கு விசேஷமான ஒரு கடிதம் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், தன் பாசத்தை எங்கே ஒளித்து வைத்தார் என்று அதில் இருக்கும் என நினைத்தேன், அவர் இறந்துவிட்டார், கடிதம் வரவில்லை. ஏறக்குறைய இதுதான். எஃகு ஆலைத் தொழிலாளி அவர். படத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். பதினைந்து வருடம் அந்தப் படம் சும்மா கிடந்திருக்கிறது, எழுத்துக்காகக் காத்துக்கொண்டு.

என் அப்பாவோடு நான் நிற்கும் படம் ஒன்றே ஒன்று உண்டு. அதில் அவர் கை என் தோளிலிருந்து ஒரு அங்குலம் மேலே இருக்கிறது. வைக்கப் போகிறாரா, எடுத்துவிட்டாரா தெரியாது. இதற்குமேல் எழுதவில்லை.

---

தெருவோரக்கண்

அந்த ஒரு அங்குலத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

கையெழுத்தில் பாதி இறங்கி வருகிறேன். பாதிதான்.

---

படத்தொகுப்பாளன்

எல்லோரும் புகழ்ந்துகொண்டே போவதால் ஒரு கல் எறிகிறேன். எல்லாத் தொடரும் ஒரே தரம் இல்லை. 'வீழ்ந்த தேவதை' (1968, எட்டுப் படங்கள்) எனக்கு ஒட்டவே இல்லை. இறக்கை வைத்த ஆண் தூங்கும் பெண்ணிடம் வருகிறான், கூடுகிறான், இறக்கையை இழக்கிறான். அந்த இறக்கை பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் கட்டிவிட்டது போல இருக்கிறது. 'மீண்ட சொர்க்கம்' (அதே வருடம், ஆறு படங்கள்) யோசனை அருமை. நாகரிகமான அறையில் ஒரு இளம் ஜோடி, படத்துக்குப் படம் சாமான்கள் குறைகின்றன, செடிகள் கூடுகின்றன, உடைகள் போகின்றன, கடைசியில் இலைகளுக்கு நடுவே நிர்வாணமாக இருவர். ஆனால் மூன்றாவது படத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. மிச்சம் மூன்றும் தொட்டிச்செடி எண்ணும் வேலை.

'மனித நிலை' (1969) அப்படி இல்லை. சுரங்க ரயில் நடைமேடையில் ஒரு சாதாரண இளைஞன். அவன்மேல் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது, உருவம் கரைகிறது, ஆறாவது படத்தில் விண்மீன் கூட்டம். அலுவலகம் போகிறவன் அண்டவெளியாகிவிட்டான். இங்கேயும் யோசனைதான், ஆனால் அடுத்த படம் என்னவென்று ஊகிக்க முடியவில்லை.

---

முக்காலி

இறக்கை பற்றி முழுக்க ஒப்புதல். ஆனால் அந்த ஏழ்மையான செட்தான் அவருடைய பலம் என்றும் தோன்றும். சொந்த ஸ்டூடியோவே வைத்துக்கொள்ளாதவர். சின்ன 35 மி.மீ. கேமரா, ஜன்னல் வெளிச்சம், தெரிந்தவர்கள் நடிப்பு. பிரிண்டும் உள்ளங்கை அளவுதான், ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம் போல. பக்கத்தில் போய்க் குனிந்துதான் பார்க்க வேண்டும், கடிதம் படிப்பது போல. சுவர் உயரத்துக்குப் படம் போட்டுக் கோடிகளில் விற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. கேலி செய்வதற்கென்றே 2006இல் ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் வேடம் போட்டுத் தன்னையே எடுத்த படங்களையும் விடவில்லை, தானும் வேடம் போட்டு நின்று நக்கல் செய்திருக்கிறார்.

அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு என்பது என் கருத்து. ஷெர்மன் அந்த வரிசையைத் தொடங்கியது 1977இல். கதை மாதிரி நடித்து எடுக்கும் பாதையை அதற்கு முன்பே வெட்டி வைத்தவர் மைக்கேல்ஸ். 1970இலேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. மூன்று வருடம் முன்னால் அதே இடத்தில் ஆர்பஸ், ஃப்ரீட்லாண்டர், வினோகிராண்ட் என்ற மூன்று புகைப்படக்காரர்களை வைத்து, தெருவில் கண்டதை எடுப்பதுதான் புதிய புகைப்படம் என்று காட்டியிருந்தார்கள். அந்தக் காற்றுக்கு எதிரே நடந்தவர்.

இந்தியாவிலும் இந்த வழியில் போன கலைஞர் உண்டு: புஷ்பமாலா. 1996 முதல் 98 வரை அவர் மும்பையில் எடுத்த 'ஃபேன்டம் லேடி' தொடரைத் தேடிப் பாருங்கள், பழைய சாகசப் படம் ஒன்றின் ஸ்டில்கள் போலவே இருக்கும், நாயகி அவரேதான். அதற்குத் தனி இழை போடலாம்.

---

புதியவள்

வணக்கம். ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தாங்க முடியாமல் நானும் ஒரு தொடர் எடுத்தேன். கேவலமாக வந்திருக்கிறது. உதவி தேவை.

கதை: ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறான். படிக்கப் படிக்க அறையிலுள்ள சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கடைசியில் அவனும் இல்லை, நாற்காலியில் கடிதம் மட்டும். ஏழு படங்கள். நடிப்பு: என் தம்பி.

நடந்தது: முக்காலி இல்லாததால் கேமராவைப் புத்தக அடுக்கின்மேல் வைத்தேன். நாலாவது படத்தில் ஒரு புத்தகம் சரிந்து முழு அறையும் சாய்ந்துவிட்டது. கறுப்பு அலமாரியை நகர்த்தியதும் படம் திடீரென்று மங்கலாகிவிட்டது, ஏன் என்றே தெரியவில்லை. ஜன்னல் வெயில் முதல் படத்தில் சுவரில் இருக்கிறது, கடைசியில் தரையில் கிடக்கிறது, சாமான் நகர்த்தவே இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டதே. தம்பி மூன்று படத்தில் சிரிக்கிறான். துக்கக் கடிதம் படிக்கிறவன் சிரிக்கலாமா?

---

முக்காலி

கேவலமெல்லாம் இல்லை. எல்லோருக்கும் முதல் தொடர் இப்படித்தான்.

மங்கலானதற்குக் காரணம் கேமரா ஆட்டோவில் இருந்தது. கறுப்பு அலமாரி இருந்தவரை 'இருட்டாக இருக்கிறது' என்று நினைத்துக் கூடுதல் வெளிச்சம் வாங்கியது. அலமாரி போய் வெள்ளைச் சுவர் வந்ததும் குறைத்துவிட்டது. மேனுவலில் போட்டு முதல் படத்துக்கு என்ன வைத்தீர்களோ அதையே கடைசிவரை வையுங்கள். ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். நாற்காலிக் கால் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். தொடர் வேலை செய்ய வேண்டுமென்றால் மாற வேண்டியது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் கல் மாதிரி நிற்க வேண்டும். அப்போதுதான் கண் அந்த ஒன்றைத் தேடிப் போகும்.

தம்பியிடம் நடிக்கவே சொல்லாதீர்கள். 'கடிதத்தில் எத்தனை ழகரம் இருக்கிறது என்று எண்ணு' என்று சொல்லுங்கள்.

---

படத்தொகுப்பாளன்

@புதியவள், கெட்டுப்போனதாக நீங்கள் சொன்னதில்தான் உங்கள் தொடர் இருக்கிறது. சாமான் மறைவதை விட்டுவிடுங்கள், அது 'மீண்ட சொர்க்க'த்தைத் திருப்பிப் போட்டது. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்குகிறதே, அதை வையுங்கள். ஒருவன் ஒரே கடிதத்தை மதியம் முழுக்கப் படிக்கிறான். ஒரு பக்கக் கடிதம். அவன் அசையவில்லை, வெயில் மட்டும் அசைகிறது. ஏழு வேண்டாம், நாலு போதும்.

---

தெருவோரக்கண்

நாலாவது படத்தில் ஆள் இல்லாமல் நாற்காலியும் கடிதமும் மட்டும் இருக்கட்டும். வெயில் கடிதத்தின்மேல் விழும் நேரத்துக்குக் காத்திருங்கள். காத்திருப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

(நான் இப்படி ஆலோசனை சொல்வேன் என்று யாராவது போன வாரம் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.)

---

கடைசிப்பக்கம்

தயவுசெய்து அடியில் எதுவும் எழுதாதீர்கள். குறைந்தது இந்த முறை.

---

புதியவள்

எடுத்துவிட்டேன்! நாலு படம். பக்கத்து வீட்டிலிருந்து முக்காலி இரவல். டேப் ஒட்டினேன், எல்லாவற்றையும் பூட்டினேன். பன்னிரண்டு மணிக்கு முதல் படம், மூன்றே முக்காலுக்குக் கடைசிப் படம். வெயில் கடிதத்தைத் தொட்டது சரியாக ஆறேழு நிமிடம்தான், அதற்குள் மேகம் வந்து ஒருமுறை பயமுறுத்திவிட்டது. தம்பி முதல் ஒரு மணி நேரம் ழகரம் எண்ணினான், அதன்பிறகு நிஜமாகவே சோகமாகிவிட்டான், பசி.

பிரிண்ட் போட்டு உணவு மேசையில் வரிசையாக வைத்தேன், சின்னதாக, முக்காலி சார் சொன்ன உள்ளங்கை அளவில். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அம்மா தண்ணீர் எடுக்க வந்தவர் நின்று பார்த்தார். நாலாவது வரை போனார், மறுபடி முதலாவதுக்கு வந்தார், குனிந்தார். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார்.

தம்பி சமையலறையிலிருந்து கத்தினான்: "கரண்ட் பில்லும்மா. ழகரம் ஒன்றுகூட இல்லை."